செயற்கைப் பட்டு: பெயரும் பொருளும்

ஒரு பொருளுக்குப் பெயர் இடுவது எளிய செயலன்று. பெயர் பொருந்தினால் பொருள் விளங்கும். பொருந்தாவிட்டால் அப்பொருளைப் பற்றிய தவறான எண்ணம் தலைமுறை தலைமுறையாகத் தொடரும். தமிழாசிரியர்களாகிய நாம் கலைச்சொற்களைப் பற்றி நிரம்பப் பேசுகிறோம். ஒரு சொல் தமிழா, வடமொழியா, ஆங்கிலமா என்று துருவித் துருவிப் பார்க்கிறோம். அச்சொல் உண்மையைச் சொல்கிறதா என்று பார்ப்பதோ குறைவு. அவ்வாறு பார்ப்பதற்காக ஈண்டு எடுத்துக்கொண்ட சொல் 'செயற்கைப் பட்டு' என்பதாகும்.

இச்சொல் நமக்குப் புதியதன்று. பள்ளிப் பாடத்தில் ரேயான் என்னும் இழையைக் குறிக்க இது வழங்கி வந்திருக்கிறது. தீபாவளிக்கு முன் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலோ சிராங்கூன் சாலையிலோ துணிக்கடைக்குள் நுழைந்தால், 'ஆர்ட் சில்க்' என்ற பெயரோடு சேலைகள் அடுக்கடுக்காய் இருக்கக் காணலாம். அங்குள்ள 'ஆர்ட்' கலையைக் குறிக்க வந்ததன்று. செயற்கை எனப் பொருள்படும் 'ஆர்ட்டிபிஷியல்' என்ற ஆங்கிலச் சொல்லின் தலையை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டது அது. காதால் கேட்பவருக்குக் கலைநயம் மிக்க பட்டு என்று தோன்றினால் வணிகருக்கு நட்டமில்லை. முதலில் ரேயானுக்கு வந்த அப்பெயர் இன்று பாலியெஸ்டருக்கும் தாராளமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

பண்புத்தொகை சொல்லும் செய்தி

இச்சொல்லை முதலில் இலக்கணத்தின் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்போம். செந்தாமரை என்பது பண்புத்தொகை. அதில் செம்மை என்னும் அடைமொழியை நீக்கினாலும் தாமரை நிற்கும். ஏனெனில் செந்தாமரையும் தாமரையே. இவ்விதியின்படி, செயற்கைப் பட்டு என்பதில் அடைமொழியை நீக்கினால் பட்டு நிற்கவேண்டும். ஆனால் ரேயான் பட்டன்று. பட்டு, புழு உமிழும் புரதம். ரேயான், மரத்தின் உடலிலுள்ள செல்லுலோஸ். பருத்தி எதனால் ஆனதோ அதனாலேயே ஆனது அது. உறவு சொல்லவேண்டுமானால் ரேயான் பருத்திக்கு உடன்பிறப்பு. பட்டுக்கு எவ்வகையிலும் உறவன்று.

'கானல் நீர் நீரன்று; அப்பெயரை ஏற்றுக்கொள்ளவில்லையா?' என்று நண்பர்கள் வினவலாம். நல்ல வினாவே. கானல் நீரை முகந்து குடிக்க யாரும் குடம் எடுத்துச் செல்வதில்லை. 'பாவை வந்தாள்' என்று உவமையாகுபெயராகச் சொன்னால் பொம்மை நடந்து வந்தது என்று யாரும் கருதுவதுமில்லை. சொல்பவர், கேட்பவர் இருவருக்கும் உண்மை தெரிந்திருப்பதால் அவை இலக்கணத்துக்கு உடன்பாடாயின. விற்பவருக்கு மட்டும் உண்மை தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாதிருக்கும்போது, அதே வழக்கு ஆகுபெயர் ஆகாது, ஏமாற்று ஆகும். மேலும், அடைமொழி எளிதில் உதிரக்கூடியது. 'செயற்கை' என்பது சிறிய எழுத்தாகி, பிறகு மறைந்து, 'பட்டு' மட்டும் பெரிய எழுத்தில் நின்றுவிடும்.

பெயர் பிறந்த கதை

பட்டைப்போல ஓர் இழையை மனிதன் தானே உண்டாக்கக்கூடும் என்னும் கருத்தை 1665-இல் வெளிவந்த தம் நூலில் இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் எழுதினார். கருத்து கைகூட இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. மின்விளக்குக்கு ஏற்ற இழையைத் தேடிக்கொண்டிருந்த ஜோசப் ஸ்வான், நைட்ரோசெல்லுலோஸ் கரைசலை நுண்துளை வழியே அழுத்தி இழையாக்கினார். அவ்விழையால் அவர் மனைவி பின்னிய மேசை விரிப்புகள் 1885-இல் இலண்டன் கண்காட்சி ஒன்றில் வைக்கப்பட்டன. 'செயற்கைப் பட்டு' என்பதே அங்கு அவற்றுக்கு இட்ட பெயர். இவ்விழை உடையாவதற்கு முன்பே வீட்டு அலங்காரப் பொருளாக மக்கள் முன் வந்தது என்பது இதனால் விளங்கும்.

பிரான்சு நாட்டுச் சார்தொனே பிரபு 1889-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் தம் இழையை வைத்துப் புகழ்பெற்றார். 1890-களில் பெசான்சோன் நகரில் அவருடைய ஆலை இயங்கியது. தொடக்கத்தில் அவ்விழை எளிதில் தீப்பற்றுவதாக இருந்தது. 1892-இல் கிராஸ், பெவன், பீடில் என்னும் மூன்று ஆங்கிலேயர் கண்ட 'விஸ்கோஸ்' முறையே பின்னாளில் உலகை ஆண்டது. மரக்கூழை எரிசோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடு என்னும் நீர்மத்தோடு கலந்து, தேன்போன்ற பாகாக்கி, நுண்துளைகள் வழியே கந்தக அமிலத்துள் பீய்ச்சினால் பாகு இழையாக உறையும். சுருங்கச் சொன்னால் இதுவே அம்முறை. இதன் உரிமையை 1904-இல் 25,000 பவுனுக்கு வாங்கிய கோர்ட்டால்ட்ஸ் நிறுவனம், அதுவரை துக்கம் காப்போர் அணியும் கறுப்புப் பட்டுத் துணிக்குப் பேர்போனது. துக்கத் துணி நெய்தவர்களே மகிழ்ச்சித் துணிக்கும் வழி திறந்தார்கள்.

பெயரிடுவதில் மற்ற மொழியாரும் நம்மைப்போலவே நடந்தனர். செருமானியர் இதனைக் 'குன்ஸ்ட்சைடே' என்றனர்; அவர்கள் மொழியில் கலைக்கும் செயற்கைக்கும் அடிச்சொல் ஒன்றே. ஜப்பானியர் 'ஜின்கென்' என்றனர். மனிதன் ஆக்கிய பட்டு என்பது பொருள். எல்லாரும் பட்டை விடாமல் பிடித்துக்கொண்டனர். அமெரிக்காவில்தான் முதலில் மாற்றம் வந்தது. பளபளப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஆக்கிய ஒரு பெயர் அங்கு முன்மொழியப்பட்டு நகைப்புக்கிடமாகிக் கைவிடப்பட்டது. பின்னர் 1924-இல் துணி வணிகத்தார் 'ரேயான்' என்னும் பெயரை ஏற்றனர். 1937-இல் அந்நாட்டுக் கூட்டரசு வணிக ஆணையம், ரேயானை ரேயான் என்றே வெளிப்படுத்தவேண்டும் என்று விதி செய்தது. பெயர் மாறியபோது விற்பனை குன்றவில்லை. 1920-களின் முடிவுக்குள் உலகில் உண்டாக்கப்பட்ட ரேயானின் எடை, பட்டின் எடையை மிஞ்சி நின்றது. பட்டின் பெயரை இரவல் வாங்காமலே இவ்விழை வாழக்கூடும் என்பதற்கு இது தக்க சான்று.

நூலின் இயல்பு

போலி என்று பழிக்கப்படும் இந்நூலுக்குத் தனக்கெனச் சில நற்பண்புகள் உண்டு. பருத்தியைவிட மிகுதியாக ஈரத்தை ஏற்கும். ஆகவே வெப்ப நாட்டில் உடலுக்கு இதமானது. சாயத்தை ஆழமாக வாங்கும். மடிப்பு மடிப்பாய்த் தழைந்து விழும். குறைகளும் உண்டு. நனைந்தால் அதன் வலிமையில் ஏறத்தாழப் பாதி போய்விடும். எளிதில் கசங்கும். செல்லுலோஸ் ஆதலின் ஈரப்பதம் மிகுந்த இடத்தில் பூஞ்சணம் பற்றும். சன்னலில் தொங்கும் ரேயான் திரை ஈரக் காற்றில் நீண்டு, உலர்ந்த காற்றில் சுருங்கும். நம் நாட்டின் மழையில் இதைக் காணாத வீடு அரிது.

இக்குறைகளை அறிந்து கையாண்டால் இடர் இல்லை. பட்டென்று எண்ணிக் கையாண்டபோதுதான் தொல்லை வந்தது. 1920-களில் ரேயான் காலுறை அணிந்த மேனாட்டுப் பெண்கள், அதன் அளவுக்கு மீறிய மினுக்கை மறைக்கக் கால்களில் மாவு பூசிக்கொண்டனர். பட்டைவிடப் பளபளத்ததே அதற்குக் குற்றமாயிற்று! பின்னர் டைட்டானியம் டையாக்சைடைப் பாகில் கலந்து மினுக்கைத் தணிக்கும் முறை வந்தது. திரைச்சீலை, கட்டில் விரிப்பு, நாற்காலி உறை, குஞ்சம், சரிகைப் பின்னல் என்று வீட்டுப் பொருள்களில் அது பரவியபோதும், பழைய அரண்மனைப் பட்டின் கொடியும் பூவும் அதன்மேல் ஏற்றப்பட்டன.

இதற்கு மாறாக, 1930-களில் பாரிஸ் நகர ஆடைக் கலைஞர் எல்சா ஸ்கியாபரெல்லி மரப்பட்டைபோலத் தோற்றமளிக்கும் ரேயான் துணியைத் துணிந்து பயன்படுத்தினார். மரப்பட்டையைப் பார்த்துப் பட்டு என்று யார் சொல்வார்? ரேயானை ரேயானாகவே ஏற்ற ஒருவர் கையில் அது புதுமை பெற்றது. அக்காலத்திலேயே மோட்டார் வண்டிச் சக்கரத்துள் ரப்பருக்கு உறுதி தரும் நூலாகவும் ரேயான் புகுந்தது. அங்கே பட்டின் பேச்சுக்கே இடமில்லை. போலி செய்தபோது இகழ்ச்சியையும், தன் இயல்பில் நின்றபோது மதிப்பையும் அது பெற்றது என்பதை ஆடை வரலாறு காட்டுகிறது.

மலாயாவில்

ரேயானை இகழ்ந்தவர்களின் மற்றொரு முகத்தையும் காணவேண்டும். பட்டு, செல்வத்தின் அடையாளமாக இருந்த பொருள். பட்டுப்போன்ற பளபளப்பு ஆலைத் தொழிலாளிப் பெண்ணின் மேனியிலும் காணப்பட்டபோது, மேட்டுக்குடியினர் சிலருக்கு அது பொறுக்கவில்லை. 'போலி' என்ற வசையில் துணியின்மீதுள்ள வெறுப்போடு, அதை உடுத்தியவர்மீதுள்ள வெறுப்பும் கலந்திருந்தது. நாம் அவ்வசையைத் திருப்பிச் சொல்லக்கூடாது.

மலாயாவிலும் இது சோற்றுக்கும் துணிக்கும் போராடியவர்களின் செய்தியே. உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்து கூலி குறைந்த காலத்தில், ஜப்பானிலிருந்து பருத்தித் துணியும் ரேயான் துணியும் மிக மலிவாக வந்து குவிந்தன. 1930-களின் பிற்பகுதியில் ரேயான் உற்பத்தியில் ஜப்பான் உலகின் முன்னணிக்கே வந்துவிட்டது. இலங்காஷயர் ஆலைகளைக் காக்க விரும்பிய ஆங்கிலேய அரசு, 1934-இல் மலாயாவுக்குள் வரும் அயல்நாட்டுத் துணிக்கு அளவு கட்டிச் சட்டம் செய்தது. பருத்தித் துணியோடு செயற்கைப் பட்டுத் துணியும் அச்சட்டத்துள் அடங்கியது. மலிவுத் துணியால் பயன்பெற்றவர் இந்நாட்டு ஏழைகள். விலை ஏறினால் சுமப்பவரும் அவர்களே என்ற மறுப்பு அப்போதே எழுந்தது. தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர் பண்டிகைக்கு ஒரு மின்னும் துணி உடுத்த விரும்பியது குற்றமன்று. அவருக்குத் தரப்பட்டது இன்னதென்று சொல்லாமல் விற்றதுதான் குற்றம்.

தமிழ் முதலீட்டாளர்க்கும் இத்தொழிலில் பங்குண்டு. இந்தியாவின் முதல் ரேயான் ஆலை, பெரும்பாவூரையடுத்த ரேயான்புரத்தில் 1950-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதனை நிறுவியவர் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தோற்றுவித்த எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார். அவர் 1954 மார்ச்சு 13-இல் சிங்கப்பூர்க் காலாங் விமான நிலையத்தில் நிகழ்ந்த விபத்தில் உயிர் நீத்தார். ஒரு பொருளின் பெயரையே ஊருக்கு இட்டு வாழ்ந்த அவ்வாலையும் பின்னாளில் மூடப்பட்டது.

பெயர் மறைத்த நஞ்சு

இனி இவ்வாராய்ச்சியின் உயிர்நிலையான செய்திக்கு வருவோம். 'இது பட்டைப்போல் இருக்கிறதா?' என்ற ஒரே வினாவை இப்பெயர் எழுப்பியது. வாங்கியவரும், பாராட்டியவரும், பழித்தவரும் அவ்வினாவிலேயே நின்றுவிட்டனர். 'இது எப்படி ஆகிறது? ஆக்குபவர் நலமாயிருக்கின்றனரா?' என்ற வினாக்கள் அதன் நிழலில் மறைந்தன.

விஸ்கோஸ் முறையில் மரக்கூழைக் கரைக்க உதவும் கார்பன் டைசல்பைடு கொடிய நஞ்சு. அதன் ஆவி மூளையையும் நரம்பையும் தாக்கும், சித்தத்தைக் கலக்கும், நெடுநாள் சுவாசித்தவர்க்கு இதய நோயையும் தரும். இது ரேயான் ஆலையில் புதிதாகத் தெரிந்த உண்மையன்று. ரப்பரைக் குளிர்முறையில் பதப்படுத்த இந்நீர்மம் பாரிஸ் நகரப் பட்டறைகளில் பயன்பட்டது. அங்கு வேலை செய்தோர் அடைந்த கேடுகளை அகஸ்தே டெல்பெஷ் என்னும் மருத்துவர் 1856-லேயே எழுதிவிட்டார். ரப்பர் ஆலையொன்றில் சித்தம் கலங்கிய தொழிலாளர் வெளியே குதித்துவிடாதபடி சன்னல்களுக்குக் கம்பி இட்டிருந்ததைத் தாமஸ் ஆலிவர் 1902-இல் குறித்தார். இதற்குப் பிறகே விஸ்கோஸ் ஆலைகள் பெருகின. எனவே, 'அறியாமல் செய்தோம்' என்று சொல்ல அத்தொழிலுக்கு வழியில்லை. ரப்பரோடு வாழ்வு பிணைந்த நமக்கு இச்செய்தி இன்னும் கூர்மையாகப் படவேண்டும்.

அமெரிக்காவில் 1938-இல் ஆலிஸ் ஹாமில்டன் அம்மையாரின் வழிகாட்டலில் பென்சில்வேனிய ரேயான் தொழிலாளரிடையே ஆய்வு நடந்தது. நஞ்சின் தடம் அங்கும் காணப்பட்டது. தென்கொரியாவின் வொன்ஜின் ரேயான் ஆலைக்கு 1960-களில் ஜப்பானிலிருந்து பழைய பொறிகள் வந்தன. நூற்றுக்கணக்கான தொழிலாளர் நஞ்சுற்ற செய்தி 1980-களின் இறுதியில் நாட்டையே உலுக்கியது. 1993-இல் ஆலை மூடப்பட்டது. பொறிகளோ அழிக்கப்படாமல் சீனாவுக்கு விற்கப்பட்டன! இவ்வரலாற்றைத் தொகுத்த பால் பிளாங்க் என்னும் அமெரிக்க மருத்துவப் பேராசிரியர், 2016-இல் வெளியிட்ட தம் நூலுக்குப் 'போலிப் பட்டு' எனப் பொருள்படும் தலைப்பை இட்டார். போலி என்று அவர் சொன்னது உடுத்தியவரைப் பழிப்பதற்காக அன்று; மினுக்கின் பின்னே நின்றதைக் காட்டுவதற்காகவே.

தமிழ்நாட்டில் பவானியாற்றங்கரையிலுள்ள சிறுமுகை, கைத்தறிப் பட்டுச் சேலைக்குப் பெயர்பெற்ற ஊர். அவ்வூரிலேயே ஒரு விஸ்கோஸ் ஆலையும் எழுந்து பல்லாண்டு நடந்தது. ஆற்று நீர் கெட்டுவிட்டதென்று உழவர் போராடினர். அந்த ஆலையும் பின்னர் மூடப்பட்டது. மெய்ப்பட்டும் அதன் பெயரைச் சுமந்த இழையும் ஒரே ஊரில் இருந்தன. ஒன்று தறியில் தெரிந்தது. மற்றொன்றின் விலையில் ஒரு பகுதியை ஆறு கொடுத்தது.

நஞ்சைப் பெயரா உண்டாக்கியது என்று கேட்கலாம். அன்று. ஆனால் 'மரக்கூழை நஞ்சில் கரைத்து இழைத்த நூல்' என்று தெரிந்திருந்தால், கேட்கவேண்டியதைக் கேட்பவர் சிலரேனும் இருந்திருப்பர். இன்று நச்சாவியைப் பிடித்து மீண்டும் பயன்படுத்தும் ஆலைகள் உண்டு. கார்பன் டைசல்பைடே தேவைப்படாத 'லையோசெல்' முறையும் 1990-களிலிருந்து வணிகத்தில் உள்ளது. ஆகவே, மரத்திலிருந்து நூல் எடுப்பதே தீது என்று நாம் முடிவு கட்டவில்லை. எம்முறையில் எடுத்தது என்று கேட்கும் உரிமை வாங்குபவருக்கு வேண்டும் என்கிறோம்.

இன்றைய நிலை

பழைய கதை என்று இதனை ஒதுக்குவதற்கில்லை. இப்போது 'மூங்கில் துணி' என்றும் 'மூங்கில் பட்டு' என்றும் படுக்கை விரிப்பும் துவாலையும் குழந்தை உடையும் விற்கிறார்கள். மூங்கிலைக் கூழாக்கி விஸ்கோஸ் முறையில் இழைத்ததே அவற்றில் பெரும்பாலானவை, அஃதாவது ரேயான். அமெரிக்க வணிக ஆணையம் இதுகுறித்து 2010-இல் 78 வணிக நிறுவனங்களுக்கு எச்சரிக்கை மடல் அனுப்பியது. 2022-இல் இரு பெரும் நிறுவனங்கள்மீது மொத்தம் 55 இலட்சம் டாலர் தண்டத்துக்கு நடவடிக்கை எடுத்தது. அன்று புழுவின் பெயரை இரவல் வாங்கியவர்கள் இன்று பசுமையின் பெயரை இரவல் வாங்குகிறார்கள். மறைக்கப்படும் செய்தியோ ஒன்றே.

மெய்ப்பட்டு நெய்வோரும் இப்பெயர்க் குழப்பத்தால் இழப்படைகின்றனர். மாதக்கணக்காக உழைத்து நெய்த சேலையும் பொறியில் ஓடிய துணியும் ஒரே பெயரில் அடுத்தடுத்துத் தொங்கினால், விலை வேறுபாட்டின் காரணம் வாங்குபவருக்கு எங்ஙனம் விளங்கும்? இந்தியாவில் 2004-இல் மெய்ப்பட்டுக்குத் தனி முத்திரை ஏற்படுத்தவேண்டி வந்தது. போலி பெயரைப் பறித்துக்கொண்டதால், உரியவர் தம் பெயருக்குச் சான்றிதழ் தேடும் நிலை!

நாம் செய்யத்தக்கது

நம் முன்னோர் துணியின் பெயரில் கருத்தாய் இருந்தனர். சிலப்பதிகாரம் புகார் நகரத்துக் காருகரைக் கூறுமிடத்தில் பட்டு, மயிர், பருத்தி என்று நூலுக்கு மூலமான பொருள்களைப் பிரித்தே சொல்கிறது. மரத்திலிருந்து வந்த உடைக்கும் நம்மிடம் பழம்பெயர் உண்டு. இராமன் காடேகும்போது உடுத்தது மரவுரி. மரப்பட்டையை உரித்து ஆக்கிய மரவுரியும் மரக்கூழை இழைத்து ஆக்கிய ரேயானும் ஒரே பொருளல்ல. ஆயினும் பட்டைவிட மரவுரிக்கே ரேயான் நெருங்கிய சுற்றம் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆகவே, 'மரவிழை' என்று வழங்கலாம் என்பது என் கருத்து. பருத்திக்கொட்டையில் ஒட்டிய சிறு பஞ்சிலிருந்தும் சிலவகை இழைகள் ஆவதால், இப்பெயர் முழுமையாகாது என்பார்க்கு, 'ரேயான்' என்றே எழுதுவதில் எனக்குத் தடையில்லை. 'செயற்கைப் பட்டு தூய தமிழாயிற்றே. அதை விட்டுக் கடன்சொல்லுக்குப் போவதா?' என்று வருந்துவோர்க்குச் சொல்வேன்: பொய் சொல்லும் தமிழ்ச்சொல்லைவிட மெய் சொல்லும் கடன்சொல் மேலானது. தமிழைக் காப்பது என்பது தமிழின் நாணயத்தையும் காப்பதாகும்.

வகுப்பில் இதனை எளிதில் விளக்கலாம். ஆசிரியர் தம் கையாலேயே ஓரிழைப் பட்டையும் ஓரிழை ரேயானையும் இடுக்கியில் பிடித்துத் தனித்தனியே எரித்துக் காட்டட்டும். பட்டு, மயிர் கருகும் நாற்றம் தரும். ரேயான், தாள் எரியும் மணம் தரும். புரதம் எது, மரம் எது என்பதை மாணவர் மூக்கே சொல்லிவிடும். அப்போதே பண்புத்தொகையையும் ஆகுபெயரையும் ஒருங்கே நினைவூட்டலாம். துணிக்கடையில் 'ஆர்ட் சில்க்' என்ற அட்டையைக் கண்டால், 'இது எந்த இழை?' என்று கேட்கும் பழக்கத்தைப் பிள்ளைகள் பெற்றோருக்குக் கற்றுத்தரட்டும். மலிவான துணியை மலிவான துணி என்று அறிந்து, விரும்பி வாங்கி உடுத்துவதில் எவர்க்கும் தாழ்வில்லை.